எண்ணெய் படக் கூடாத இரும்பு

தொழிற்பயிற்சி நிலையத்தில் எங்கள் வகுப்பறைச் சுவரில் ஒரு படம் தொங்கியது. காரின் முன்சக்கரத்தை வெட்டிக் காட்டிய வண்ணப் படம். கீழே ‘டிஸ்க் பிரேக்’ என்று போட்டிருந்தது. ஆசிரியர் அதைக் குச்சியால் ஒரு தட்டுத் தட்டி, "இது நம்ம ரோட்டுக்கும் வராது, பரீட்சைக்கும் வராது" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

என்னால் அப்படிப் போக முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். படிக்கக் கிடைத்த எதையும் வீணாக்கக் கூடாது என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் அந்தப் படத்தின் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

நம் ஊரில் அன்று ஓடிய கார், லாரி, பஸ் எல்லாவற்றிலும் டிரம் பிரேக்தான். சக்கரத்தோடு சேர்ந்து ஒரு இரும்புச் சட்டி சுற்றும். அதற்குள் பிறை வடிவில் இரண்டு கட்டைகள். பெடலை மிதித்தால் கட்டைகள் விரிந்து சட்டியின் உள்சுவரில் உரசும். சட்டி நிற்கும், சக்கரமும் நிற்கும். எல்லாம் மூடிய சட்டிக்குள் நடக்கிற காரியம். டிஸ்க் பிரேக்கில் சட்டி கிடையாது. சாப்பாட்டுத் தட்டு அளவில் கெட்டியான ஒரு இரும்புத் தகடு சக்கரத்தோடு சுற்றுகிறது. அதன் ஓரத்தைக் கவ்வினாற்போல ஒரு கிடுக்கி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. கிடுக்கிக்கு இரண்டு தாடை, தாடைக்கு ஒரு கட்டை. பெடலை மிதித்தால் மெல்லிய குழாய்க்குள் இருக்கும் திரவம் நகர்கிறது. திரவம் நசுங்காது. காலில் கொடுத்த அழுத்தம் அப்படியே போய் இரண்டு கட்டைகளையும் இரண்டு பக்கமிருந்தும் தகட்டின் மேல் இறுக்குகிறது. ஓட்டமெல்லாம் சூடாக மாறி, தகடு காற்றில் திறந்து கிடப்பதால் அந்தச் சூடும் சீக்கிரம் ஆறிவிடுகிறது. மழைநீர் பட்டாலும் சுற்றுகிற வேகத்தில் தெறித்துப் போகும்.

இதையெல்லாம் படத்தில் பார்த்தேன். திறந்து கிடக்கும் தகட்டின் மேல் வேறு என்னவெல்லாம் படலாம் என்பதைப் பற்றிப் படத்தில் ஒன்றும் இல்லை.

படிப்பு முடிந்து செங்கல்பட்டில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு வண்டிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே வந்த ஒரே டிஸ்க் பிரேக் வண்டி ஒரு ஆஸ்பத்திரி வேன். செங்கல்பட்டுக்கு வெளியே இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டிலிருந்து தானமாக வந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பங்களுக்கு அதில் டாக்டரம்மா ஒருவரும் நர்ஸம்மா ஒருவரும் வாரம் ஒருமுறை போய் வருவார்கள். எங்கள் குப்பமும் அந்த வழியில்தான்.

அந்த வண்டிக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. முந்தின வருஷம் ஐப்பசி மழையில் என் அக்காவுக்குப் பிரசவ வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அன்று வேன் வருகிற நாளாக அமைந்தது. அக்காவை அதில் ஏற்றி, வழியெல்லாம் தண்ணீராக நின்ற ரோட்டில் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அக்காவும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தான். அதற்குப் பிறகு அம்மாவுக்கு அந்த வேன் குப்பத்துப் படகுகளில் ஒன்றாகிவிட்டது. வேன் வந்து நின்றால் அதன் மேல் மணல் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். பையன்கள் ஏறினால் விரட்டுவாள்.

எங்கள் பக்கத்தில் இரும்பை வெறுமனே விடமாட்டார்கள். உப்புக்காற்று ஒரு பகலில் துரு ஏற்றிவிடும். சுறா ஈரலைக் காய்ச்சி எடுக்கிற எண்ணெய் எல்லார் வீட்டிலும் ஒரு டின் இருக்கும். நங்கூரத்துக்கும் தூண்டில் முள்ளுக்கும் படகுப் பலகைக்கும் அதுதான். கதவுத் தாழ்ப்பாளுக்கும் அரிவாள்மனைக்கும்கூட அதுதான். இரும்பு சிவந்து கண்ணில் பட்டால் பூசிவிட்டுத்தான் மறுவேலை. பிள்ளை தலைக்கு எண்ணெய் வைப்பது போன்ற பழக்கம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு நாள் மதியம் எங்கள் குப்பத்தில் மருத்துவ முகாம் நடந்துகொண்டிருந்தபோது வேனின் வலது முன்சக்கரம் காற்று இறங்கிவிட்டது. மணலில் கிடந்த சுறாத் தூண்டில் முள் ஏறியிருந்தது. மாற்றுச் சக்கரமும் முந்தின வாரமே பஞ்சராகி ஆஸ்பத்திரியில் கிடந்தது. டிரைவர் வேனை ஜாக்கியில் தூக்கி, கீழே கல் அண்டக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறப் போனார். பஸ் நிறுத்தத்தில் நிழல் என்றால் சாராயக் கடையின் கீற்றுப் பந்தல்தான். மதுவிலக்கை எடுத்து, கடைகள் திறந்திருந்த காலம் அது. சக்கரத்தைக் காலோரம் சாய்த்துக்கொண்டு அந்தப் பந்தலில் வெகுநேரம் நின்றிருக்கிறார். பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பி வந்து, டாக்டரம்மா காத்திருக்கிறாரே என்று அவசரமாகச் சக்கரத்தை மாட்டிப் புறப்பட்டார்.

கால்வாய்ப் பாலம் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே ஆட்டு மந்தை. பிரேக்கை மிதித்தார். வேன் நேராக நிற்கவில்லை. இடது பக்கம் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போய்ப் பனைமரத்தில் மோதியது. டாக்டரம்மாவுக்கு நெற்றியில் காயம். நர்ஸம்மாவுக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. டாக்டரம்மாவே அவரைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

டாக்டரம்மா இல்லாத நேரத்தில் ஆஸ்பத்திரி மேனேஜர் விசாரித்தார். டிரைவர் சாராயக் கடையில் நின்றதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். டிரைவர் முன்பு குடித்தவர்தான். விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் விட்டதை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரி முற்றத்தில் எல்லார் முன்னாலும், "குடிச்சுட்டு வண்டிய மரத்துல விட்டிருக்கே" என்று சொல்லி அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்.

வேனை ஒரு லாரியில் கட்டி இழுத்து எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். முன்பக்கம் ஒடுங்கி ஒரு விளக்கு உடைந்திருந்தது. மற்றபடி ஓடும். மேனேஜரும் கூடவே வந்தார். எங்கள் மேஸ்திரி வண்டிக்குள் ஏறி பெடலை நாலு முறை மிதித்துப் பார்த்தார். குனிந்து குழாய்களைப் பார்த்தார்.

"பெடல் கல்லு மாரி கீது சார். எங்கயும் ஒழுகல."

"அப்ப பிரேக்ல குறை இல்ல. அதானே?"

"அப்டித்தான் தெரீது."

"நாளைக் காலையில வர்றேன். நல்லா பாத்துட்டு உறுதியா சொல்லுங்க. நீங்க சொல்லிட்டா அந்தாள் கணக்க முடிச்சு அனுப்பிடலாம்."

மேஸ்திரி மேல் தப்பில்லை. டிரம் பிரேக்கில் பழகியவர். பெடல் அழுத்தமாக நின்று, எங்கும் ஒழுகாமல் இருந்தால் பிரேக் சரி என்பதுதான் பட்டறை வழக்கம். நான் அவரிடம் போய், சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு?"

"டிஸ்க்க படத்துலதான் மேஸ்திரி பாத்துகீறேன்."

"மாப்பிள்ளைக்குப் பொண்ணு மொகம் பாக்கணுமாம்" என்று சிரித்தார். "கழட்டு. ஆனா போல்ட்ட தொலைச்சே, ஒன்னத் தொலைச்சுடுவேன்."

முதலில் இடது சக்கரத்தைக் கழற்றினேன். படத்தில் பார்த்தது அப்படியே இருந்தது. தகடு கண்ணாடி போல மின்னியது. விரலால் தொட்டால் உலர்ந்து வழவழப்பாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பெயர் மட்டும் கேள்விப்பட்ட ஒருவரை நேரில் சந்தித்த மாதிரி ஒரு மரியாதை வந்தது எனக்கு.

வலது சக்கரத்தைக் கழற்றினேன். தகடு மங்கிக் கிடந்தது. பழைய தோசைக்கல் போல மஞ்சளும் பழுப்புமாக ஒரு படலம். கட்டைகளின் ஓரம் கறுத்து ஊறியிருந்தது. குனிந்தபோது வாசனை அடித்தது.

அந்த வாசனையை நான் எங்கும் அறிவேன். எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் வருகிற வாசனை. என் பள்ளிக்கூடச் சட்டையில் இருந்த வாசனை. அதனால் பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பையன் இடம் விட்டு உட்காருவான். சுறா எண்ணெய், சூடு பட்டுக் கருகிய சுறா எண்ணெய்.

எனக்கு நடந்தது புரிந்துவிட்டது. இடது தகட்டைக் கட்டைகள் கவ்வின. வலது தகட்டில் கட்டைகள் வழுக்கின. ஒரு பக்கம் நிற்க, மறுபக்கம் ஓட, வண்டி நின்ற பக்கமாகத் திரும்பியது. மனிதன் ஓடும்போது ஒரு காலை மட்டும் யாரோ பிடித்துக்கொண்டால் எப்படியோ அப்படி. புரியாதது ஒன்றுதான். அந்தக் கை யாருடையது?

டிரைவர் எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். வேலையில்லாவிட்டாலும் வேன் இருக்கிற இடத்தில்தான் இருந்தார். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, பஞ்சர் ஆச்சே, எந்த சக்கரம்?"

"வலது. ஒங்க குப்பத்துலதான். ஏன்?"

"மாட்டும்போது ஏதாவது பாத்தீங்களா?"

"இருட்டிகினு வந்திச்சி. மாட்டினேன், வந்தேன்." கொஞ்சம் யோசித்தார். "பாலத்துக்கு முன்னாடி ஒரு வளைவுல லேசா மிதிச்சேன். அப்ப ஒரு நாத்தம் வந்திச்சி. கருவாடு சுட்ட மாரி. யார் வூட்லயோ சுடறாங்கன்னு நர்ஸம்மா சொல்லிச்சி. மூக்கப் புடிச்சிகினு சிரிச்சிச்சி."

டீ ஆறிப்போயிருந்தது. அவர் அதைக் குடிக்கவில்லை.

"வேல போனா போவுது தம்பி. லாரி ஓட்டிப் பொழச்சிக்குவேன். எங்க வூட்ல ஒண்ணும் கேக்கல. ஆனா நான் வூட்டுக்குப் போனா, கிட்ட வந்து நின்னு மோந்து பாக்கறா. தெரியாத மாரி பாக்கறா. அதான்."

பட்டறை முதலாளியிடம் சொல்லிக்கொண்டு சாயங்காலப் பஸ்ஸில் ஊருக்குப் புறப்பட்டேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை எனக்கு ஒரே நினைப்பு. எண்ணெய் பட்டது என்று மட்டும் சொன்னால் போதாதா? யார் கை என்று ஏன் சொல்ல வேண்டும்? ஆனால் பஞ்சர் நடந்த இடம் ஊருக்கே தெரியும். எண்ணெய் எங்கே இருக்கும் என்பதும் தெரியும்.

அம்மா வாசலில் நெத்திலியை அலசிக்கொண்டிருந்தாள். அப்பா வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். அக்கா பிள்ளையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, வேல நாள்ல வந்துகீற? ஒடம்புக்கு நல்லாத்தான கீது?"

"நல்லாத்தான் கீறேன். யம்மா, அன்னிக்கு வேன்ல சக்கரத்தக் கழட்டி வெச்சிருந்தாங்களே, யாராவது அதாண்ட போனாங்களா?"

"நான்தான் போனேன்" என்றாள் அம்மா. கொஞ்சம்கூடத் தயக்கமில்லை. பெருமைகூட இருந்தது. "சக்கரத்த எடுத்துகினு அந்தாளு போய்ட்டாரு. உள்ள இருந்த இரும்புத் தட்டு அப்டியே அம்மணமா நிக்குது. காத்தால தூறல் வேற. பாக்கறேன், செக்கச்செவேல்னு துரு. எம்மா நல்ல வண்டி, இத்த யாரும் கவனிக்கலியேன்னு பேஜாராப் போச்சி. டின்ன எடுத்தாந்து துணியில தொட்டு ரெண்டு பக்கமும் நல்லா பூசிவுட்டேன். ஏன், துரு உட்டுட்ச்சா?"

அக்கா தூளியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல், எனக்குத் தெரிந்த பாடத்தையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். தகடு, கட்டை, திரவம், அழுத்தம். அம்மா தலையாட்டிக்கொண்டே நெத்திலியை அலசினாள். ஒன்றும் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது. நிறுத்தினேன்.

"யம்மா, வெலாங்கு மீனு புடிக்கறப்ப கையில இன்னா தொட்டுப்ப?"

"சாம்பலு."

"எண்ணெ தொட்டுகினு புடிச்சா?"

"எண்ணெ தொட்டுகினு எவளாவது வெலாங்கப் புடிப்பாளா? வழுக்கிகினு..."

அம்மாவின் கை தண்ணீருக்குள் நின்றுவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன். வேறெதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நெத்திலிச் சட்டியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். "அந்த நர்ஸம்மாவுக்கு கை ஒடஞ்சது?"

"அதனாலதான்."

"டிரைவரு குடிச்சிட்டு இட்ச்சிட்டாருன்னு சொல்லிகினாங்களே?"

"அவரு குடிக்கல. நாளைக்கு அவர வேலைய உட்டு அனுப்பறாங்க."

அப்பா வலையைக் கீழே வைத்தார். "இத்த இங்கயே உடு" என்றார். "வேணும்னே பண்ணாங்கன்னுவான். நாளைலேந்து வண்டியே வராது. மத்த வூட்டுப் பொம்பளைங்க பிள்ள பெத்துக்க வேணாமா? வெளிய போய்ப் பேசறதுன்னா நாட்டார கேக்கணும்." எங்கள் குப்பத்தில் நாட்டார் என்றால் ஊர்ப் பெரியவர்கள். கடல் விஷயமானாலும் கரை விஷயமானாலும், அவர்கள் கூடிப் பேசாமல் ஒரு சொல் குப்பத்தைத் தாண்டக் கூடாது என்பது கட்டுப்பாடு.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எண்ணெ பூசறப்ப நாட்டார கேட்டுகினா பூசினேன்?" என்றாள்.

அப்பா மறுபடி வலையைக் கையில் எடுத்தார். அப்பா சொன்னதிலும் நியாயம் இருந்தது. அது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

முதல் பஸ்ஸில் அம்மா என்னோடு வந்தாள். மடியில் எண்ணெய் டின்னையும் பூசின துணியையும் வைத்திருந்தாள். அது எதற்கு என்று கேட்டேன். "வெறும் வாயால சொன்னா எவன் நம்புவான்" என்றாள். கூடைக்காரியாகத் திருப்போரூர்வரை நடந்து மீன் விற்றவள். அதட்டுகிறவர்களிடம் திருப்பி அதட்டத் தெரிந்தவள். ஆனால் பட்டறை வாசலில் மேனேஜரின் வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

முதலாளி, மேஸ்திரி, மேனேஜர் மூவரும் வேனின் பக்கத்தில் நின்றார்கள். டிரைவர் தள்ளி, வாசல் கேட் அருகே நின்றார். நான் வலது தகட்டைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். மேனேஜர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இந்தம்மா யாரு?"

"எங்க அம்மா சார். அவங்கதான் பூசினாங்க."

"டிரைவர் உங்களுக்குச் சொந்தமா?"

"அவரு இன்னா ஊரு, நான் இன்னா ஊரு சார்" என்றாள் அம்மா. "அவரு பேருகூடத் தெரியாது."

"அப்புறம் ஏன் அவருக்காக வர்றீங்க?"

"அவருக்காவ வர்ல. நான் பூசினேன். அத்த சொல்ல வந்தேன்."

மேனேஜர் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிரேக்ல போய் எண்ணெய் பூசுவாங்களா? வேணும்னே செஞ்சதுன்னு நான் போலீஸ்ல சொன்னா?"

அம்மா வேனின் பின்கதவைக் காட்டினாள்.

"அந்தக் கதவாண்டதான் என் பொண்ணு கெடந்தா. தலைய என் மடியில வெச்சிகினு வந்தேன். அந்த வண்டிய நான் கெடுப்பனா சார்?"

அதற்குப் பிறகு அவர் போலீஸ் பற்றிப் பேசவில்லை. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. ஒரு துணி எண்ணெய் இவ்வளவு பெரிய வண்டியை இழுக்குமா என்றார். நான் சொன்னேன், "ஓட்டிப் பாக்கலாம் சார். நீங்களே பக்கத்துல உக்காருங்க."

சக்கரங்களை மாட்டினோம். டிரைவரை ஓட்டவிட மேனேஜர் சம்மதிக்கவில்லை. மேஸ்திரி ஓட்டினார். ஏரிக்கரையோரம் நேராக ஒரு மண் பாதை உண்டு. வேன் கொஞ்சம் வேகம் எடுத்ததும் மேஸ்திரி மிதித்தார். வேன் இடது பக்கம் வெட்டிக்கொண்டு போய், கரைச் சரிவில் இறங்கப் பார்த்து நின்றது. நாங்கள் ஓடினோம். மண்ணில் இடது சக்கரம் இழுபட்ட தடம் உழுத சால் போலப் பதிந்திருந்தது. வலது பக்கத்தில் சக்கரம் உருண்ட தடம் மட்டும் இருந்தது.

மேனேஜர் தோளைத் தடவிக்கொண்டே இறங்கினார். மேஸ்திரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "தெரிஞ்சே மிதிச்சேன், அப்பவே புடிக்க முடியல. தெரியாம மிதிச்ச ஆளு மரத்தோட நிறுத்தினாரே, அதுவே பெருசு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நேத்து நான் சொன்னது தப்பு. படத்த பாத்தவன் நீ" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மேனேஜர் டிரைவரிடம் வந்தார். "திங்கக்கிழமை வேலைக்கு வந்துடு."

டிரைவர் நகரவில்லை.

"வரேன் சார். ஆனா குடிச்சேன்னு ஆஸ்பத்திரி முத்தத்துல எல்லாரும் இருக்கறப்ப சொன்னீங்க. குடிக்கலன்னும் அங்கயே சொல்லிடுங்க. என் பொஞ்சாதிய இட்டுகினு வரேன்."

மேனேஜருக்கு முகம் சிவந்தது. முடியாது என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அம்மா டின்னைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சரி" என்றார். சொன்னபடி சொன்னார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். டிரைவரின் மனைவி கூட்டத்தில் முன்னால் நின்றாளாம். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனாளாம்.

பிரேக்கைச் சரிசெய்வது எளிதாக இருக்கவில்லை. தகட்டை மண்ணெண்ணெயில் துடைத்துச் சோப்பில் கழுவினால் போதும். கட்டைகள் அப்படியில்லை. அவை பஞ்சு போல எண்ணெயைக் குடித்துவிடும். மேஸ்திரி அடுப்பில் வாட்டிப் பார்த்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். ஆறினதும் உள்ளிருந்த எண்ணெய் மறுபடி வியர்த்துக்கொண்டு மேலே வந்தது. கடைசியில் சென்னையில் ஒரு கடையில் கொடுத்துப் புதிதாக ஒட்டி வாங்கிவந்தோம். அதுவரை வேன் ஓடவில்லை. அந்த வாரங்களில் குப்பங்களுக்கு மருந்து போகவில்லை. யாருக்கும் பெரிதாக எதுவும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

ஊரில் நாட்டார் கூடினார்கள். அம்மாவை நடுவில் நிறுத்திக் கேட்டார்கள். அவள் மறைக்காமல் சொன்னாள். கேட்காமல் வெளியே போனது தப்பு என்று கண்டித்தார்கள். இனி வேன் வந்தால் மருந்து வாங்குவதற்குத் தவிர யாரும் அதன் அருகே போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

வேன் மறுபடி கிளம்பிய நாளில், பிரேக் எப்படி இருக்கிறது என்று பார்த்து வர முதலாளி என்னையும் அனுப்பினார். பனைமரத்தைக் கடக்கும்போது டிரைவர் தாண்டுகிறவரை அதைப் பார்த்தார். குப்பத்தில் வேன் நின்றபோது, முன்பு போலப் பையன்கள் ஓடிவரவில்லை. சவுக்கு மரங்களுக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் வரிசையாக நின்றார்கள். டாக்டரம்மா கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து, மருந்து வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். அம்மா வரவேயில்லை. அவளுக்கு இருமல் இருந்தது. நான் போய்க் கூப்பிட்டேன். "அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள்.

மதியத்துக்கு மேல் தூறல் விழுந்து நின்றது. டிரைவர் சக்கரத்துப் பக்கம் குந்தி, அதன் ஓட்டைகள் வழியாக உள்ளே பார்த்தார். பிறகு எழுந்து நேராக எங்கள் வீட்டு வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"யக்கா, கொஞ்சம் வாங்க."

"நான் வர்ல அண்ணாத்த. ஊர்ல சொல்லிகீறாங்க."

"தொட வேணாம். பாத்தா போதும்."

அம்மா வந்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். தகடு முழுக்கப் புதுத் துரு, செம்பருத்திச் சிவப்பில். அம்மாவின் முகம் வாடியது. வெற்றிரும்பை அப்படிப் பார்க்க அவளால் முடியாது. ஆனால் கையைப் பின்னாலிருந்து எடுக்கவில்லை.

"பாத்துகினீங்களா? இருங்க." டிரைவர் ஏறி வேனைக் கிளப்பினார். சவுக்குத் தோப்பு முனைவரை போனார், நாலைந்து இடத்தில் மிதித்து மிதித்து நிறுத்தினார், திரும்பி வந்தார். வேன் ஒவ்வொரு முறையும் நேராகவே நின்றது. "இப்ப பாருங்க" என்றார்.

அம்மா பார்த்தாள். கட்டை உரசின இடம் முழுவதும் துருவே இல்லாமல் மின்னியது. நிமிர்ந்து டிரைவரைப் பார்த்தாள்.

"இன்னா பூசினீங்க?"

"ஒண்ணும் பூசல. மிதிச்சேன். அவ்ளோதான்."

"தானா தேச்சிக்குதா?"

"தானா தேச்சிக்கும்."

அம்மா மறுபடி குனிந்து நெடுநேரம் பார்த்தாள். "அப்ப நான் பூசினது தேவையே இல்லாத வேல" என்று மெதுவாகச் சொன்னாள்.

டாக்டரம்மா உள்ளிருந்து மருந்துப் பெட்டியை எடுக்கப் பின்கதவைத் திறந்தார். கதவு கிறீச்சென்று கத்தியது. கடல்காற்றில் அதன் கீல் எப்போதோ இறுகிப்போயிருந்தது.

அம்மா அந்தப் பக்கம் திரும்பினாள். "அந்தக் கதவு?" என்றாள். "அது ரொம்ப நாளா கத்திகினு கீது. அதுவும் தானா தேச்சிக்குமா?"

டிரைவர் சிரித்தார். அந்த நாட்களில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "அது தேச்சிக்காது யக்கா. அதுக்குப் பூசலாம்."

அம்மா அதை நம்பவில்லை. என்னைப் பார்த்தாள். படித்தவன் சொல்லட்டும் என்று நின்றாள். கதவையும் சக்கரத்தையும் நான் ஒருமுறை பார்த்தேன். இடையில் போதிய தூரம் இருந்தது. பூசலாம் என்றேன்.

வீட்டுக்குள் போய் டின்னோடு வந்தாள். மரங்களுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாட்டாரில் ஒருவரும் நின்றார், தடுக்கவில்லை. அம்மா துணியின் நுனியை மட்டும் எண்ணெயில் தொட்டு, இன்னொரு கையைக் கீழே கிண்ணம் போல ஏந்திக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் அந்தக் கீலுக்குப் பூசினாள்.